வாங்காத கடன் சிபிலில் ஏறியிருந்தால்: தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

பழைய லோன் டெஸ்க்:

உங்கள் ஆதார், பேன் எண்ணை வைத்து வேறு யாரோ வாங்கிய கடனுக்கு வசூல்காரர் போன் செய்ததும் நிறையப் பேர் செய்யும் முதல் தப்பு, பயந்துபோய் ஒரு தவணையைக் கட்டுவது. மொபைல் ஆப் கடன் என்றால் பெரும்பாலும் ஐயாயிரம், பத்தாயிரம்தான். 'தொலையட்டும்' என்று தோன்றும். கட்டாதீர்கள். ஒரு ரூபாய் கட்டினாலும் 'அவரே கட்டியிருக்கிறாரே' என்று அதையே திருப்பிக் காட்டுவார்கள். 'பாதி கட்டினால் செட்டில்மென்ட்' என்ற பேச்சு இன்னும் மோசம். 'செட்டில்டு' என்ற சொல் ரிப்போர்ட்டில் தங்கிவிடும். பிறகு வீட்டுக் கடன் கேட்டுப் போனால் மேனேஜரின் கண் நேராக அங்கேதான் போகும்.

முதலில் ரிப்போர்ட்டை எடுங்கள். நமது கடன் வரலாற்றைப் பதிந்து வைக்கும் நிறுவனங்களில் சிபில் மட்டும் போதாது. எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், சிஆர்ஐஎஃப் ஹை மார்க் என்று இன்னும் மூன்று உண்டு. நான்குமே வருடத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட் இலவசமாகத் தர வேண்டும். நமது ரிப்போர்ட்டை நாமே பார்ப்பதால் ஸ்கோர் குறையாது. கணக்குப் பகுதியோடு என்கொயரி பகுதியையும் (உங்கள் ரிப்போர்ட்டை எந்த நிறுவனங்கள் கேட்டுப் பார்த்தன என்ற பட்டியல்) படியுங்கள். நீங்கள் விண்ணப்பிக்காத நிறுவனத்தின் பெயர் அங்கே இருந்தால், யாரோ முயற்சி செய்திருக்கலாம். கணக்குப் பகுதியில் அந்தக் கடன் இல்லையென்றால் இன்னும் கிடைக்காமல் இருக்கலாம். தடுக்க அதுதான் நல்ல நேரம்.

ஆப் பெயரைத் தேடினால் பெரும்பாலும் ரிப்போர்ட்டில் கிடைக்காது. பல ஆப்கள் வெறும் முகப்பு. கடன் கொடுத்தது பின்னால் இருக்கும் என்பிஎஃப்சி (வங்கி அல்லாத நிதி நிறுவனம்) அல்லது வங்கி. அந்தப் பெயர்தான் பதிவாகும். புகாரும் அங்கேதான் போக வேண்டும், ஆப்பின் சாட் பெட்டிக்கு அல்ல.

அந்த நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு ஈமெயிலில் இவற்றைக் கேளுங்கள்: கடன் ஒப்பந்தம், கேஒய்சி (அடையாளச் சரிபார்ப்பு) ஆவணமும் செல்ஃபியும், ஓடிபி போன மொபைல் எண், இ-சைன் (ஆன்லைன் கையொப்பம்) விவரம், பணம் போய்ச் சேர்ந்த வங்கிக் கணக்கு எண்ணும் யுடிஆர் எண்ணும் (அந்தப் பணப் பரிமாற்றத்தின் அடையாள எண்). கடைசியில் உள்ளதுதான் உயிர்நாடி. டிஜிட்டல் கடன் பணம் பொதுவாகக் கடன் வாங்குபவரின் சொந்த வங்கிக் கணக்குக்கே நேராகப் போக வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. கணக்கு வேறு ஆள் பெயரில் இருந்தால் சரிபார்க்காத தப்பு அவர்களுடையது. அதற்குமேல் அவர்களால் அதிகம் வாதாட முடியாது.

சில சமயம் உங்கள் பெயரிலேயே, நீங்கள் தொடங்காத கணக்கு ஒன்று வெளியே வரும். அப்போது அந்த வங்கிக்கும் தனிப் புகார் போக வேண்டும்.

தல்லாகுளம் வக்கீல்:

டெஸ்க் சார் சொன்ன ஈமெயிலுக்கு முன்போ கூடவோ போலீஸ் புகார் வேண்டும். 1930 என்ற சைபர் மோசடி உதவி எண், கணக்கிலிருந்து பணம் இப்போதுதான் போயிருக்கிறது, முடக்க வேண்டும் என்ற நிலைக்கு. பழைய கடன் என்றால் தேசிய சைபர் கிரைம் தளத்தில் புகார் பதிந்து, ஒப்புகை எண்ணோடு ஸ்டேஷனுக்குப் போங்கள். பல இடங்களில் சிஎஸ்ஆர் ரசீது கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அது மனு வாங்கியதற்கான அத்தாட்சி மட்டுமே, எஃப்ஐஆர் அல்ல. கடன் நிறுவனத்துக்கு முதல் கடிதம் எழுத அது போதும். ஆனால் அவர்கள் முரண்டு பிடித்தால் எஃப்ஐஆர் கேட்பார்கள். பதிய மறுத்தால் பிஎன்எஸ்எஸ் (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 173(4) பிரிவின்படி எஸ்பிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பலாம்.

'என் ஆதாரை யாரோ தவறாகப் பயன்படுத்திவிட்டார்கள்' என்று மட்டும் எழுதினால் மனு தூங்கும். கடன் கணக்கு எண், தேதி, தொகை, நிறுவனம், பணம் போன கணக்கு என்று எழுதுங்கள். அடையாளத் திருட்டுக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66சி, ஆள்மாறாட்ட மோசடிக்கு 66டி, கூடவே பிஎன்எஸ் (புதிய தண்டனைச் சட்டம்) 319.

வசூல்காரர் காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பிறகும் அழைக்கக் கூடாது. உறவினருக்குப் போன் செய்து அசிங்கப்படுத்தினால் அது தனிக் குற்றச்சாட்டு. நேரத்தோடு குறித்து வையுங்கள்.

பழைய லோன் டெஸ்க்:

சிஎஸ்ஆர் நகல் கையில் வந்தபிறகு சிபில் தளத்தில் டிஸ்ப்யூட் (ஆட்சேபம்) போடுங்கள். தொகை தப்பு, தேதி தப்பு என்பதைத் தேர்ந்தெடுக்காதீர்கள். 'இந்தக் கணக்கு என்னுடையதல்ல' என்ற வகை தனியாக இருக்கும். சிபில் தானாக எதையும் அழிக்காது. கடன் நிறுவனத்திடம் கேட்கும். அவர்கள் 'சரிதான்' என்று பதில் போட்டால் டிஸ்ப்யூட் மூடப்படும். நிறையப் பேருக்கு முதல் முறை இப்படித்தான் தோற்கிறது. அதனால்தான் நிறுவனத்துக்கு முதலில் ஆவணங்களோடு எழுதச் சொன்னேன்.

மொத்தக் கெடு 30 நாள். அதில் கடன் நிறுவனத்துக்கு 21 நாள். தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. 2024 ஏப்ரல் 26 முதல் இந்த விதி இருக்கிறது. 21 நாளுக்குள் திருத்தம் அனுப்பாவிட்டால் கடன் நிறுவனம் கொடுக்க வேண்டும். அவர்கள் அனுப்பியும் சிபில் தாமதித்தால் சிபில் கொடுக்க வேண்டும். இழப்பீடு வரவேண்டிய வங்கிக் கணக்கு விவரத்தைப் புகாரிலேயே கொடுத்துவிடுங்கள். 30 நாளில் தீராவிட்டால் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளர்) போகலாம். 2022 செப்டம்பர் முதல் சிபில் போன்ற நிறுவனங்கள் மீதும் அங்கே புகார் செய்யலாம். சந்தேகத்துக்கு ரிசர்வ் வங்கியின் உதவி எண் 14448.

சேலத்து ஆடிட்டர்:

கடனோடு நிறுத்திவிடாதீர்கள். அதே பேன் எண்ணில் ஜிஎஸ்டி பதிவு செய்து போலி பில் போட்டிருக்கலாம். கூலி வேலை செய்பவர் வீட்டுக்குக் கோடிக்கணக்கில் நோட்டீஸ் வருவது இப்படித்தான். ஜிஎஸ்டி தளத்தில் பேன் எண்ணைப் போட்டுத் தேடினால் அதன் பேரில் உள்ள பதிவுகள் எல்லாம் தெரியும். வருமானவரித் தளத்தில் ஏஐஎஸ் (உங்கள் பேன் எண்ணில் பதிவான வருமான, பரிவர்த்தனைப் பட்டியல்) பாருங்கள். உங்களுக்கு வராத சம்பளம், வட்டி இருந்தால் அந்தப் பதிவுக்கு நேராகவே 'இது என்னுடையதல்ல' என்ற பொருளில் பதில் கொடுக்கலாம். பேன் கார்டை மறுபடி அச்சிட்டு வாங்கினாலும் எண் மாறாது, ஆகவே அது தீர்வல்ல.

இ-சேவை மையத்துக்காரர்:

ஆதாரில் பயோமெட்ரிக் லாக் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறார்கள். அது கைரேகை, கருவிழி, முகத்தைத்தான் பூட்டும். ஓடிபி வழி திறந்தே இருக்கும். ஆதார் எண்ணையே பூட்டும் வசதி தனி. பூட்டும் முன் 16 இலக்க விஐடியை (ஆதார் எண்ணுக்குப் பதிலாகக் கொடுக்கும் எண்) எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும் இடத்தில் அதைத்தான் கொடுக்க வேண்டும். அங்கீகார வரலாற்றைத் திறந்தால் கடந்த 6 மாதத்தில் எப்போது, எந்த வகையில் ஆதார் சரிபார்க்கப்பட்டது என்று தெரியும். அந்த அச்சுப்படி போலீஸ் மனுவுக்கு நல்ல இணைப்பு.

தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் உங்கள் பேரில் எத்தனை சிம் ஓடுகிறது என்று பார்த்து, தெரியாத எண்ணுக்கு 'என் எண் அல்ல' கொடுங்கள். டெஸ்க் சார் கேட்கச் சொன்ன ஓடிபி எண் பல நேரம் இந்தப் பட்டியலிலேயே இருக்கும்.

ஜெராக்ஸ் கொடுக்கும்போது குறுக்கே 'இன்ன வேலைக்கு மட்டும்' என்று தேதியோடு எழுதுங்கள், எழுத்து படத்தின்மேல் படும்படி. பிரின்ட் எடுக்க வாட்ஸப்பில் அனுப்பியதைக் கடைக்காரர் கணினியிலிருந்து அழிக்கச் சொல்லத் தயங்காதீர்கள். எங்களுக்கு அது கோபம் வரும் கேள்வி அல்ல.

பழைய லோன் டெஸ்க்:

ஒன்று விட்டுப்போனது. கடன் நீங்கியதாக ஈமெயில் வந்தால் நான்கு ரிப்போர்ட்டையும் திரும்பப் பாருங்கள்; ஒன்றில் திருத்தியது மற்றதில் அப்படியே நிற்கலாம். வாராக் கடனை நிறுவனம் வேறொரு சொத்து மறுசீரமைப்பு நிறுவனத்துக்கு விற்றிருந்தால், அதே கடன் சில மாதத்தில் புதுப் பெயரில் முளைக்கும். அதனால் முடிப்புக் கடிதத்தில் 'இக்கடன் இவருடையதல்ல, யாருக்கும் விற்கப்படவில்லை' என்று இரண்டு வரியும் கேட்டு வாங்குங்கள்.