பக்க எண் இல்லாத நூலும் ஐம்பது வயதும்

மோக்கா முத்து:
நேற்று நம் மொரிஷியஸில், ரெதுயியில் நடந்த கருத்தரங்கில் ஒரு இளம் விரிவுரையாளர் பேசினார்: "பேராசிரியர்கள் மின்னூலகத்தை ஏற்காததற்கு வயதுதான் காரணம். ஐம்பதைத் தாண்டினால் கணினி என்றாலே பயம்." கேட்டதிலிருந்து மனசு ஆறவில்லை. எனக்கு 58. தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இணையத்தில் ஏற்றும் மதுரைத் திட்டம் 1998இல் தொடங்கிய நாளிலிருந்து அதில் படிக்கிறவன் நான். பயம் இல்லை. பக்க எண் இல்லை, அதுதான் குறை. போன வருஷம் என் மாணவி அங்கிருந்து ஓர் உரைநடை நூலை மேற்கோள் காட்டினாள். புறத்தேர்வாளர் 14 இடத்தில் சிவப்பு மையில் "பக்கம்?" என்று எழுதித் திருப்பி அனுப்பிவிட்டார். அந்தப் பிள்ளை என் அறையில் உட்கார்ந்து அழுதது.

ரோஸ் ஹில் இளவல்:
ஐயா, பேசியது நான்தான். நான் சொந்தமாகக் கட்டிவிடவில்லை. புதுத் தொழில்நுட்பத்தை மக்கள் ஏன் ஏற்கிறார்கள் என்று வெங்கடேசும் மற்றவர்களும் 2003இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் வயது இருக்கிறது. படித்துப் பாருங்கள்.

மோக்கா முத்து:
படித்துவிட்டுத்தான் பேசுகிறேன் தம்பி. அதில் காரணங்கள் நான்கு: வேலைக்கு உதவுமா, கற்பது எளிதா, சுற்றியிருப்பவர்கள் என்ன நினைக்கிறார்கள், நிறுவனம் வசதி செய்து தருகிறதா. வயது அந்த நான்கில் இல்லை. பால், அனுபவம், விருப்பமா கட்டாயமா என்பவற்றோடு சேர்ந்து, அந்தக் காரணங்களின் வலுவைக் கூட்டும், குறைக்கும். அவ்வளவுதான். அதற்கு முன்னால் இதே கேள்வியை ஆராய்ந்த டேவிஸ் 1989இல் சொன்னதையும் பாருங்கள்: எளிமையைவிடப் பயன்தான் ஆளை இழுக்கிறது. என் வேலைக்குப் பயன் என்றால் பக்க எண்.

கியூர்பிப் நூலகி:
ஐயா, குறளுக்கு 1330 எண் இருக்கிறது, சங்கப் பாட்டுக்குப் பாட்டெண் இருக்கிறது. அதைப் போடுங்கள். உரைநடை என்றால் தமிழ் இணையக் கல்விக்கழகத்திலும் ஈழத்து நூல்களைச் சேர்க்கும் 'நூலகம்' இணையதளத்திலும் ஸ்கேன் செய்த பக்கங்கள் அப்படியே கிடைக்கின்றன. எண்ணும் தெரியும். இதைச் சொல்லிக்கொடுக்கத்தான் மார்ச் மாதம் பயிற்சி வைத்தேன். நாற்பது பேருக்கு அழைப்பு அனுப்பினேன், வந்தது மூன்று பேர். நீங்களும் வரவில்லை.

மோக்கா முத்து:
அன்று எனக்கு இரண்டு வகுப்பு அம்மா. அட்டவணையைக் கேட்காமல் நாள் குறித்தது யார்? அப்புறம், ஸ்கேன் இருக்கிற நூலைப் பற்றி நான் பேசவே இல்லை. தட்டச்சு செய்து ஏற்றிய நூலில் பக்க எண் எங்கே?

டர்பன் தமிழ்:
கேப் டவுன் பல்கலைக்கழகத்தின் ஜாகர் நூலகம் 2021 ஏப்ரலில் தீப்பிடித்தது. ஆப்பிரிக்க ஆய்வு நூல் தொகுப்பில் பெரும்பகுதி சாம்பல். எரிந்த புத்தகத்தில் எந்தப் பக்கத்தைத் தேடுவீர்கள் முத்து ஐயா?

மோக்கா முத்து:
காப்பாற்ற வேண்டாம் என்று யார் சொன்னது? 2024 ஜனவரியில் பெலால் புயல் வந்தபோது போர்ட் லூயியில் கார்கள் மிதந்ததை நாங்களும்தான் பார்த்தோம். காப்பாற்றுங்கள், பக்க எண்ணோடு காப்பாற்றுங்கள். 1989இல் ஏழாம் உலகத் தமிழ் மாநாடு இந்தத் தீவில் நடந்தபோது நாற்காலி தூக்கியவன் நான். தமிழ் ஆய்வு எப்படி நடக்க வேண்டும் என்று எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம்.

ரோஸ் ஹில் இளவல்:
எதைக் கேட்டாலும் 1989தான். மாநாட்டில் நாற்காலி தூக்கியது மின்னூலகத்துக்கு என்ன பதில்? உங்கள் துறையில் மூத்தவர்கள் ஆறு பேர். பாஸ்வேர்டு மறந்து மாணவர்களிடம் கேட்காதவர் ஒருவராவது உண்டா? இதுதான் நான் சொன்ன வயது.

மோக்கா முத்து:
மாணவர்களிடம் கேட்கிறார்கள் என்றால் வீட்டிலிருந்து நுழைய முடியவில்லை என்று அர்த்தம். சந்தா கட்டிய இதழ்கள் வளாகத்தில் திறக்கும், வீட்டுக்கு வந்தால் திறக்காது. அதற்கு வயது என்ன செய்யும்? நான்கில் கடைசிக் காரணம் அதுதான், நிறுவனம் தர வேண்டிய வசதி. நீங்களோ வீட்டில் இந்தத் தீவின் பேச்சுமொழியான கிரியோல் பேசிவிட்டு மேடையில் எங்களுக்குத் தமிழ் ஆய்வு சொல்கிறீர்கள்.

ரோஸ் ஹில் இளவல்:
வீட்டைப் பற்றிப் பேசாதீர்கள். என் பாட்டி கிரியோலில் பேசித்தான் எனக்குத் தேவாரம் சொல்லிக்கொடுத்தாள். உங்கள் பேரப்பிள்ளைகள் எந்த மொழியில் பேசுகிறார்கள்?

கியூர்பிப் நூலகி:
பாட்டியும் பேரப்பிள்ளையும் எதற்கு இங்கே? நான் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை. அடுத்த பயிற்சிக்கு வருவீர்களா, மாட்டீர்களா?

மோக்கா முத்து:
திங்கட்கிழமை அந்த ஆய்வேட்டோடு வருகிறேன். 14 சிவப்புக் குறி அப்படியே இருக்கிறது. உங்கள் மின்னூலகத்திலிருந்து பதினான்குக்கும் பக்க எண் எடுத்துக் கொடுங்கள், அப்புறம் பயிற்சியைப் பற்றிப் பேசலாம்.

ரோஸ் ஹில் இளவல்:
நானும் வருகிறேன். யார் உதவியும் இல்லாமல் நீங்களே உள்ளே நுழைந்து காட்டுங்கள்.

கியூர்பிப் நூலகி:
திங்கள் நாலு மணிக்குப் பூட்டிவிடுவோம்.