சஸ்பென்ஷன் தொங்குகிறதா, உட்கார்ந்திருக்கிறதா?

நண்பர்களுக்கு வணக்கம். காரின் உயரத்தைக் கூட்டிக் குறைப்பது பற்றிய கையேட்டுக்குத் தமிழ்ச் சொற்கள் தேடிக்கொண்டிருக்கிறோம். சக்கரத்துக்கும் வண்டியின் உடலுக்கும் நடுவில் அதிர்ச்சியைத் தாங்கும் சஸ்பென்ஷனில் தொடங்கி, நீங்கள் எழுதிக் கேட்டவற்றுக்கு என் பதில் இது.

> சஸ்பென்ஷனுக்குத் ‘தொங்கலமைப்பு’ ஏற்கெனவே இருக்கிறது. உயரம் மாற்றக்கூடிய வகையைச் ‘சரிசெய் தொங்கலமைப்பு’ என்றால் போதாதா?

போதாது என்பது என் கட்சி. முதலில் ‘சரிசெய்’. கெட்டுப்போனதைத்தான் சரிசெய்வோம். இங்கே எதுவும் கெடவில்லை, கூட்டிக் குறைக்கிறோம், அவ்வளவுதான்.

பெரிய வம்பு ‘தொங்கல்’. ஐரோப்பாவின் பழைய குதிரை வண்டிகளில் பெட்டியைத் தோல்வார்களில் உண்மையாகவே தொங்கவிட்டிருந்தார்கள். அந்த வண்டிக்கு அந்தச் சொல் பொருத்தம். நம் ஊரில் இரும்புப் பட்டை வில் வைத்த மாட்டு வண்டியைத் தொங்குவண்டி என்று யாரும் சொல்லவில்லை. வில்வண்டி என்றார்கள். வண்டி வில்லின் மேல் உட்கார்ந்திருக்கிறது என்று கண்ணால் பார்த்து வைத்த பெயர் அது. ஆகவே சஸ்பென்ஷனுக்கு ‘வில்லமைப்பு’ என்பேன்.

‘தொங்கல்’ வீண்போக வேண்டாம், அதற்கு வேறு வேலை இருக்கிறது. ஜாக்கி வைத்துத் தூக்கும்போது சக்கரம் கீழே இறங்கித் தொங்குமே, அந்த நிலைக்கு நம்மிடம் பெயரே இல்லை. அதுதான் தொங்கல். காரை இறக்கி ஓட்ட நினைக்கிறவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய நிலையும் அதுதான்.

நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். என் பழைய காரை 30 மி.மீ. இறக்கச் சொன்னேன். பட்டறையில் 50 மி.மீ.க்கு மேல் இறக்கி, “பார்க்க அம்சமா இருக்கு சார்” என்று அனுப்பிவிட்டார்கள். வேகத்தடை ஏறி இறங்கும்போதெல்லாம் ‘டங்’. ஜாக்கி போட்டுப் பார்த்தால், தொங்கலில் சுருள்வில் லொடலொடவென்று ஆடுகிறது. கையாலேயே சுற்ற முடிந்தது. வில்லுக்கும் அதன் இருக்கைக்கும் நடுவில் சுண்டுவிரல் நுழைந்தது. சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது வில் இருக்கையை விட்டு விலகுகிறது, திரும்ப உட்காரும்போது இடிக்கிறது. கோணலாக உட்கார்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைக்கப் பிடிக்கவில்லை.

எனவே ப்ரீலோடுக்கு (preload) வந்த ‘முன்சுமை’ என்ற பரிந்துரையையும் ஏற்க மாட்டேன். தொங்கலில் வில் மேல் வண்டியின் சுமையே இல்லை. சுமை வருமுன்பே வில்லை எவ்வளவு அமுக்கி வைத்திருக்கிறோம் என்பதுதான் செய்தி. ‘முன்னமுக்கம்’ என்றால் விஷயம் சொல்லிலேயே இருக்கிறது. என் காரில் முன்னமுக்கம் பூஜ்யத்துக்கும் கீழே போயிருந்தது.

> கோயிலோவருக்கு ‘சுருள்மேலி’?

வேண்டாமே. சுருள்வில்லும் தணிப்பானும் (ஷாக் அப்சார்பர்) சேர்ந்த உறுப்புதான் கோயிலோவர். அதில் வில் தணிப்பானின் மேலே இல்லை, அதைச் சுற்றி இருக்கிறது. ‘வில்சூழ் தணிப்பான்’ என்று வைத்துக்கொள்வோம்.

இதில் இரண்டு வகை உண்டு, சொல் இரண்டையும் பிரித்துக் காட்ட வேண்டும். முதல் வகையில் தணிப்பானின் உடலில் உள்ள புரியில் (மரையில்) வில்லிருக்கையைச் சுற்றிச் சுற்றி இறக்குகிறோம். வண்டி இறங்கும், கூடவே முன்னமுக்கமும் குறையும், தணிப்பான் உள்ளே போவதற்கு மிச்சமிருக்கும் தூரமும் குறையும். இரண்டாவது வகையில் இருக்கையைத் தொடுவதில்லை, அடிப்பிடியைச் சுற்றித் தணிப்பானின் மொத்த நீளத்தையே குறைக்கிறோம். முன்னமுக்கம் அப்படியே இருக்கும். முன்னதை ‘இருக்கை இறக்கம்’, பின்னதைக் ‘கால் குறைப்பு’ எனலாம். ‘காற்குறைப்பு’ என்று புணர்த்தினால் கால்பங்கு குறைப்பது போலாகிவிடும், பிரித்தே எழுதுவோம்.

வண்டி நிற்கும் உயரத்துக்கு ‘நிற்குயரம்’. தரை இடைவெளி வேறு, இது வேறு. சக்கர மையத்திலிருந்து மட்கார்டு வளைவு வரை அளந்தால் டயரில் காற்று கூடினாலும் குறைந்தாலும் கணக்குத் தப்பாது. புரி இடைவெளி 2 மி.மீ. என்றால் ஐந்து சுற்றுக்கு இருக்கை 10 மி.மீ. இறங்கும். ஆனால் சக்கரத்தில் அதே 10 வரும் என்று நம்பிவிடாதீர்கள். சக்கரத்தைப் பிடித்திருக்கும் கையில் (ஆர்ம்) தணிப்பான், உடல்பக்க மூட்டிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு தூரத்தில் பொருந்தியிருந்தால் சக்கரத்தில் 15 ஆகிவிடும். நெம்புகோல் கணக்குத்தான். அதனால் கொஞ்சம் இறக்கி, கீழே வைத்து, வண்டியை முன்னும் பின்னும் உருட்டிவிட்டு மறுபடி அளக்க வேண்டும்.

சொற்கள் வேலை செய்கின்றனவா என்று ஒரு வாக்கியத்தில் போட்டுப் பார்த்தேன்: “ரப்பர் புஷ் போல்ட்டைத் தொங்கலில் முடுக்காதே, நிற்குயரத்தில் முடுக்கு.” புஷ் என்பது கையின் மூட்டில் இருக்கும் ரப்பர் உருளை. தொங்கலில் முடுக்கினால், வண்டியைக் கீழே வைத்ததும் ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும், சீக்கிரம் கிழியும். பழைய ‘தொங்கலமைப்பை’ வைத்துக்கொண்டு இந்த வாக்கியத்தை எழுதிப் பாருங்கள்.

> பம்ப் ஸ்டாப்?

வில் அதிகமாக அமுங்கும்போது தடுத்து நிறுத்தும் ரப்பர் துண்டுதானே? முட்டுக்கட்டை. ஆயத்தச் சொல் இருக்கும்போது எதற்கு யோசனை? இறக்கிய வண்டி அதில் சீக்கிரம் போய் முட்டும். சாலைகளுக்குத் தரம் வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸ் அளவில் வேகத்தடை 10 செ.மீ. உயரம். நம் தெருவில் போடுவது எந்த அளவு என்று உங்களுக்கே தெரியும்.

> பட்டறையில் யாருங்க வில்லிருக்கைன்னு சொல்லப்போறா? கப்புன்னாத்தான் தெரியும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில போகாதீங்கன்னு முதல்ல எழுதுங்க. அலைன்மென்டையும் சேர்த்துக்கங்க.

அண்ணன் சொல்வது சரி. ‘கப்பு’ பேச்சில் இருக்கட்டும், கையேட்டில் இரண்டையும் போடலாம். தாங்கு ஸ்டாண்டு வைக்காமல் சக்கரத்தைக் கழற்றக் கூடாது என்பதைக் கையேட்டின் முதல் வரியாக்கிவிட்டேன். உயரம் மாறினால் சக்கரக் கோணங்களும் மாறும், முகப்பு விளக்கின் குறியும் மாறும் என்பதைக் கடைசியில் சேர்த்திருக்கிறேன்.

ஒன்று மட்டும் பாக்கி. தணிப்பானின் கடினத்தைக் கூட்டும் குமிழைத் திருப்பினால் ‘க்ளிக், க்ளிக்’ என்று ஒரு படி வருமே, அதற்கு என்ன சொல்? ‘சொடுக்கு’ என்று எழுதினேன், கணினி மவுஸ்தான் ஞாபகத்துக்கு வருகிறது. யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.