ஆஸ்திரிய டிஜிட்டல் வின்யெட்: அந்த 18 நாள் கதையை யாராவது நிறுத்துங்களேன்

இசார்க்கரை: வின்யெட் (ஆஸ்திரிய நெடுஞ்சாலைகளில் கார் ஓட்ட வாங்கும் கட்டணப் பாஸ்) பற்றிக் கோடை விடுமுறை இழையில் பேர்ன் அண்ணே எழுதியதை அப்படியே போடுகிறேன்: "ஒஸ்ரியா வின்யெட்டை இணையத்தில் வாங்காதீர்கள். காசு கட்டினாலும் 18 நாள் கழித்துத்தான் செல்லும்." இதை நம்பி எங்கள் நண்பர் குடும்பம் ஒன்று, "உடனே செல்லும்" என்று விளம்பரம் போட்ட இடைத்தரகர் தளத்தில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு காசு கட்டியிருக்கிறது. அண்ணே, அந்த 18 நாள் வருடப் பாஸுக்கும் இரண்டு மாதப் பாஸுக்கும் மட்டும்தான். ஒரு நாள் பாஸும் பத்து நாள் பாஸும் வாங்கிய உடனே செல்லும். 2025 விலை ஒரு நாளுக்கு 9.30 யூரோ, பத்து நாளுக்கு 12.40. ஆஸ்திரிய நெடுஞ்சாலை நிறுவனமான அஸ்ஃபினாக்கின் சொந்தத் தளத்திலேயே கிடைக்கிறது. சுற்றுலா போகிறவர்களுக்கு வருடப் பாஸ் எதற்கு?

பேர்ன் அண்ணை: தம்பி, ஒரே ஒரு கேள்வி. 18 நாள் இருக்கிறதா, இல்லையா? இருக்கிறது என்று நீரே எழுதிவிட்டீர். பிறகு நான் சொன்னதில் என்ன பிழை? நான் இந்தப் பாதையில் கார் ஓட்டத் தொடங்கிய காலத்தில் நீர் பள்ளிக்கூடம் போயிருப்பீர்.

இசார்க்கரை: பத்து நாள் பாஸுக்குக் கிடையாது. இதைத்தான் சொல்கிறேன்.

பேர்ன் அண்ணை: 18 நாள் இருக்கிறது. அவ்வளவுதான்.

லிண்ட்ஸ் அக்கா: இருவருக்கும் வணக்கம். நான் ஆஸ்திரியாவிலேயே இருக்கிறேன், அதனால் சொல்கிறேன். இணையத்தில் வாங்குவதைத் திருப்பிக் கொடுக்க நுகர்வோருக்கு 14 நாள் உரிமை உண்டு. அதோடு தபாலுக்கு 3 நாள் சேர்த்து, 18ஆம் நாளிலிருந்து செல்லும் என்று வைத்தார்கள். அதாவது பாதி நாள் ஓட்டிவிட்டுப் பணத்தைத் திருப்பிக் கேட்கக் கூடாது என்பதற்காக. வருடப் பாஸே அவசரமாகத் தேவை என்றால் கடையில் நேரில் போய் டிஜிட்டலாகவே வாங்கலாம், உடனே செல்லும். ஜேர்மனியில் ஏடிஏசி என்ற கார் ஓட்டுனர் சங்கத்தின் அலுவலகங்களிலும் விற்கிறார்கள். சண்டை போட இதில் ஒன்றும் இல்லை.

பேர்ன் அண்ணை: நன்றி தங்கச்சி. பார்த்தீரா இசார்க்கரை? 18ஆம் நாள். ஒஸ்ரியாவில் இருக்கிறவரே சொல்லிவிட்டார்.

இசார்க்கரை: அக்கா சொன்னதில் முதல் பாதியை மட்டும் படிப்பது ஒரு திறமைதான்.

சூரிச் தவளை: 😂😂 அண்ணைக்குத் தளத்தில் முதல் வரி மட்டும்தான் திறக்கும். மீதி 18 நாள் கழித்துத் தெரியும்.

பேர்ன் அண்ணை: தவளை, நீர் கிணற்றுக்குள்ளேயே இரும். முன்பு சூரிச்சிலிருந்து முன்சன் (மியூனிக்) போக வின்யெட் கட்டாயம் என்று சொல்லி எல்லோரையும் வாங்க வைத்தது யார்?

சூரிச் தவளை: அது 2019க்கு முன்னால் அண்ணை. அப்போது கட்டாயம்தான். 2019 டிசம்பர் 15இலிருந்து ஏ14 சாலையில் ஹோஹெனெம்ஸிலிருந்து ஜேர்மன் எல்லை ஹோர்பிரான்ஸ் வரைக்கும் வின்யெட் வேண்டாம். ஃபெண்டர் சுரங்கமும் அதற்குள் வருகிறது. சென்ற்மார்கிரேத்தனில் எல்லை தாண்டி ஏ14 ஏறி நேரே லிண்டாவ். ஒரு சதம் கட்டத் தேவையில்லை. அதற்கு முன்னால் நம்மவர்கள் எல்லாம் காசு மிச்சம் பிடிக்க பிரெகன்ஸ் ஊருக்குள்ளால் ஊர்ந்துதான் அந்த ஊர்க்காரர்களுக்கே வெறுத்துப்போனது. நீங்களும் அதில் ஒருவர் என்று கேள்வி.

பேர்ன் அண்ணை: நான் அந்தக் காலத்தில் அந்தத் துண்டுச் சாலைக்கு மட்டுமான 2 யூரோ கொரிடோர் வின்யெட் முறையாக வாங்கி ஒட்டிப் போனவன். உம்மைப் போல ஊருக்குள்ளால் ஓடவில்லை. சரி, அதை விடும். இந்த இசார்க்கரை பத்து நாள் பாஸ் ஒன்று போதும் என்கிறார். பிரென்னர் கணவாய் வழியாக இத்தாலி போகிறவன் என்ன செய்வது? அங்கே தனிக் கட்டணம். அதை ஏன் மறைத்தார்?

இசார்க்கரை: மறைக்கவில்லை, பேச்சு அதைப் பற்றி இல்லை. பிரென்னர் ஏ13க்குத் தனிக் கட்டணம் என்று ஊருக்கே தெரியும். இன்ஸ்ப்ரூக் வரை ஏ12இல் வர வின்யெட்டும் வேண்டும். எல்லையிலிருந்து கூஃப்ஸ்டைன் தெற்கு வரைக்கும் மட்டும்தான் விலக்கு. இப்போது திருப்தியா? 18 நாளுக்கு வருவோமா?

பேர்ன் அண்ணை: வருவோம். இருக்கிறது.

புது ஓட்டுனர்: மன்னிக்கவும், இடையில் நுழைகிறேன். ஆகஸ்டில் ஸ்லோவேனியா வழியாகக் குரோஷியா போகிறோம். அங்கேயும் 18 நாள் காத்திருக்க வேண்டுமா?

லிண்ட்ஸ் அக்கா: இல்லை தம்பி. ஸ்லோவேனியாவில் 2021 டிசம்பரிலிருந்தே முழுக்க டிஜிட்டல்தான். வார பாஸ் 2025இல் காருக்கு 16 யூரோ, தொடக்கத் தேதியை நீங்களே போடலாம். இல்லாமல் பிடிபட்டால் 300 யூரோ. வாங்கும்போது நம்பர் பிளேட்டில் ஓ எழுத்தையும் பூஜ்யத்தையும் மாற்றிப் போட்டுவிடாதீர்கள், எந்த நாட்டு கார் என்பதையும் சரியாகத் தேர்ந்தெடுங்கள். கேமரா பிளேட்டைத்தான் பார்க்கிறது. குரோஷியாவுக்குள் வழியில் சாவடியில் கட்ட வேண்டும்.

பேர்ன் அண்ணை: புது ஓட்டுனர், ஒஸ்ரியாவுக்கு இன்றே வாங்கிவிடும். 18 நாள்.

இசார்க்கரை: ஐயோ. தம்பி, பத்து நாள் பாஸ் எடுங்கள், கிளம்புகிற அன்று காலையில் எடுத்தாலும் போதும். இதைத்தான் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

பேர்ன் அண்ணை: சுவிசைப் பாரும். 1985இல் வின்யெட் வந்தது. இன்று வருடத்துக்கு 40 பிராங்க். அதை 100 ஆக்கப் பார்த்தார்கள், 2013இல் வாக்கெடுப்பில் மக்கள் தோற்கடித்தார்கள். 2023 ஆகஸ்டில் டிஜிட்டலும் வந்தது, வாங்கிய நிமிடமே செல்லும். இதல்லவா நாடு! பிளேட் ஒன்றாக இருந்தால் காரை மாற்றினாலும் அதே வின்யெட். ஜேர்மனியில் இருந்துகொண்டு எங்களுக்குப் பாடம் எடுக்க வராதீர்.

இசார்க்கரை: ஜேர்மனியில் காருக்குக் கட்டணமே கிடையாது அண்ணே. ஹாம் காமாட்சி அம்மன் கோவில் தேருக்கு வரும்போது நீங்கள் எல்லாம் ஓசியில்தானே எங்கள் ஆட்டோபானில் ஓடுகிறீர்கள்?

சூரிச் தவளை: அது பெருந்தன்மை இல்லை ராசா. போட ஆசைப்பட்டார்கள், ஆஸ்திரியா வழக்குப் போட்டது. வெளிநாட்டுக்காரன் தலையில் மட்டும் சுமை விழுகிறது என்று 2019 ஜூனில் ஐரோப்பிய நீதிமன்றம் தடுத்துவிட்டது. கடைசியில் கட்டணம் வசூலிக்க ஒப்பந்தம் எடுத்திருந்தவர்களுக்கு ஜேர்மன் அரசு 243 மில்லியன் யூரோ இழப்பீடு கொடுத்தது. ஒரு சாவடி கட்டாமல் 243 மில்லியன்!

இசார்க்கரை: அதற்கும் 18 நாளுக்கும் என்ன சம்பந்தம்?

சூரிச் தவளை: இந்த இழையில் எதற்கு எது சம்பந்தம்?

பேர்ன் அண்ணை: ஓசி என்ற சொல்லை நான் பார்க்காமல் போகவில்லை. ஹாம் தேருக்கு என் காரில் வந்து இறங்கி, டீசல் காசு கேட்டதும் தொலைபேசியை அணைத்தவர்கள் இங்கேயே இருக்கிறார்கள். பெயர் சொல்ல மாட்டேன். தவளைக்குத் தெரியும்.

சூரிச் தவளை: அந்தப் பயணத்தில் வழி நெடுக மதியச் சாப்பாடு யார் வாங்கிக் கொடுத்தது என்றும் சொல்லுங்கள். பெயர் சொல்ல வேண்டாம்.

லிண்ட்ஸ் அக்கா: மட்டுறுத்துநர் யாராவது இருக்கிறீர்களா?

இசார்க்கரை: அக்கா, நீங்களாவது ஒரே வரியில் சொல்லிவிடுங்கள். பத்து நாள் பாஸுக்கு 18 நாள் காத்திருக்க வேண்டுமா, வேண்டாமா?

லிண்ட்ஸ் அக்கா: வேண்டாம். முன்பு இருந்தது, இப்போது இல்லை.

பேர்ன் அண்ணை: "முன்பு இருந்தது." எல்லோரும் வாசித்துக்கொள்ளுங்கள். நான் முன்பே சொன்னவன்.

இசார்க்கரை: போன வாரம் எழுதியது முன்பா? என் நண்பர் கூடுதலாகக் கட்டிய காசை நீங்கள் அனுப்புகிறீர்களா?

பேர்ன் அண்ணை: உம்முடைய நண்பருக்கு 14 நாளுக்குள் திருப்பிக் கேட்க உரிமை இருக்கிறது, தங்கச்சி இப்போதுதான் விளக்கினார். அந்தச் சட்டத்தை மதிக்கத்தான் 18 நாள் என்று நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

புது ஓட்டுனர்: நான் ரயிலில் போகலாம் என்று பார்க்கிறேன்.

பேர்ன் அண்ணை: ரயில் என்றால் சுவிஸ் ரயில் எடும். ஜேர்மன் ரயிலைப் பற்றி இசார்க்கரையிடம் கேளும், அவர் இன்னும் ஏதோ ஒரு ரயில் மேடையில் காத்து நின்றுகொண்டிருப்பார்.

இசார்க்கரை: அதற்குத் தனி இழை திறக்கிறேன். வாருங்கள்.