[இழை] ஆட்டோ ஆன்டிபாடி: தற்றாக்கியா, தன்னெதிர்ப்பொருளா?

தைராய்டு துண்டறிக்கை ஞாயிறன்று அச்சுக்குப் போகிறது. கிருமி போன்ற அயற்பொருளை எதிர்க்க உடல் உண்டாக்கும் புரதமான ஆன்டிபாடிக்கு இதுவரை ‘பிறபொருளெதிரி’ என்றே எழுதிவந்தோம். ஆட்டோ ஆன்டிபாடியோ உடலின் சொந்தத் திசுவையே குறிவைப்பது. பிறபொருளெதிரியின் முன்னால் ‘தன்’ சேர்த்தால் தன்னையே பிறபொருள் என்றாகிவிடுகிறது. சிக்கிய வரி: “டி.பி.ஓ. ____ மிகுந்திருந்தாலும் மருந்தளவை முடிவுசெய்வது டி.எஸ்.எச். தான்.” (டி.பி.ஓ. தைராய்டில் உள்ள நொதி; டி.எஸ்.எச். தைராய்டைத் தூண்டும் இயக்குநீர்.) கோடிட்ட இடத்தை நிரப்பித் தாருங்கள்.
– மு.

தற்றாக்கி. தன்+தாக்கி, பொற்றாமரை போல. ஐயத்துக்கே இடமில்லை.
– இரா.

ஐயா, பொற்றாமரை காதில் ஊறிய சொல். தற்றாக்கியை அச்சுப்பிழை என்பார்கள். பொருளும் பிழை. தைராய்டு சுரப்பைக் குறைக்கும் ஹஷிமோட்டோ நோயில் சுரப்பியைச் சிதைப்பதில் பெரும்பங்கு டி வகை நிணநீர் அணுக்களுக்கு; டி.பி.ஓ. ஆன்டிபாடி பெரும்பாலும் அதற்கு அடையாளம்தான். சுரப்பு மிகும் கிரேவ்ஸ் நோயிலோ ஆன்டிபாடி டி.எஸ்.எச். ஏற்பியில் ஒட்டிக்கொண்டு சுரப்பியை முடுக்கிவிடுகிறது. முடுக்குவதைத் தாக்கி என்பதா?
– க.

திருக்குறளின் 89ஆம் அதிகாரத் தலைப்பு இருக்க ஏன் இந்தத் தவிப்பு? உட்பகை! எள்ளின் பிளவளவே ஆனாலும் கேடுதான். கையோடு தைராய்டையும் கேடயச் சுரப்பி ஆக்குங்கள். 1656இல் ஆங்கில மருத்துவர் வார்ட்டன் வைத்த பெயருக்குக் கிரேக்கத்தில் நெடுங்கேடயம் என்று பொருள். அந்தச் சொல் பிறந்தது கதவைக் குறிக்கும் ‘துரா’விலிருந்து. வடமொழித் துவாரமும் அதற்கு உறவு.
– செ.

அப்படியானால் துவாரச் சுரப்பி என்போமா? வேண்டாம் அம்மா, ஆய்வக அறிக்கையில் தைராய்டு என்றுதான் இருக்கும்.

பகை, எதிரி என்றெல்லாம் எழுதினால் படிப்பவர் அந்த ஆன்டிபாடி எண்ணை இறக்கவே மாதாமாதம் ரத்தம் கொடுப்பார். 600 என்பது 400 ஆனாலும் மாத்திரை மாறாது. டி.எஸ்.எச். இயல்பாக இருந்து ஆன்டிபாடி மட்டும் மிகுந்திருந்தால், பின்னாளில் சுரப்பு குறையும் வாய்ப்பு கூடுதல், ஆண்டுக்கொருமுறை டி.எஸ்.எச். பார்த்தால் போதும். கொட்டை எழுத்தில் வரவேண்டியவை வேறு: தைராய்டு மாத்திரையான லெவோதைராக்சினை வெறும் வயிற்றில் தண்ணீருடன், உணவுக்கு 30 முதல் 60 நிமிடம் முன், இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கு 4 மணி நேர இடைவெளி, இல்லையேல் அவை மருந்தைக் குடலிலேயே பிடித்துக்கொள்ளும், அளவு மாற்றினால் 6 முதல் 8 வாரம் கழித்தே மறுசோதனை. முடி உதிர்கிறதென்று பயோட்டின் என்ற வைட்டமினை விழுங்குகிறவர்கள் சோதனைக்குக் குறைந்தது 2 நாள் முன்பே நிறுத்த வேண்டும். சில ஆய்வு முறைகளில் அது டி.எஸ்.எச்.ஐப் பொய்யாகக் குறைத்தும் தைராய்டு இயக்குநீரான டி4ஐ ஏற்றியும் காட்டும். கிரேவ்ஸ் என்றே தோன்றிவிடும்.

என் வாக்கு, பாடநூல் சொல்லை ஒட்டித் ‘தன்னெதிர்ப்பொருள்’.
– க.

சரி, மூன்று பேர் அதற்கு. முதல் இடத்தில் மட்டும் ‘ஆட்டோ ஆன்டிபாடி எனப்படும் தன்னெதிர்ப்பொருள்’ என்று போடுகிறேன். ‘எண்ணிக்கை’ என்று இருந்ததையும் ‘அளவு’ ஆக்கிவிட்டேன். யாரும் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்ப்பதில்லையே.
– மு.

என் மறுப்பைப் பதிவுசெய்க. எதிர்ப்பொருள் என்றால் எதிர்மறையான அர்த்தம். தன்னெதிர்ப்பொருள் என்றால் தனக்குத்தானே முரணான சொல். பிறபொருளெதிரியில் எதைக் குறை சொன்னீர்களோ, அதையே பெயராக வைத்திருக்கிறீர்கள்.
– இரா.