டிராப்லைன்: தமிழில் என்ன?

அன்புள்ள குழுவினருக்கு,
கனடாப் பழங்குடிகள் பற்றிய பாடநூல் அத்தியாயத்தை வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்தாக வேண்டும். 'டிராப்லைன்' என்ற சொல்லில் இரண்டு நாளாக நிற்கிறேன். காட்டில் பொறிகளை வரிசையாக வைத்துப் பனிக்காலம் முழுக்கச் சுற்றிவந்து பார்க்கும் தடம் அது. ஒரு குடும்பத்துக்கு உரிய நிலம் என்ற பொருளும் உண்டு. 'பொறிவரிசை' சரியா?

> 'பொறிவரிசை' சரியா?
மாணவர்கள் எஞ்சின்களை அடுக்கி வைத்திருப்பதாக நினைப்பார்கள். 'கண்ணித்தடம்' என்று போடுங்கள்.

கண்ணி என்பது கயிற்றுச் சுருக்கு அம்மா, முயலுக்குச் சரி. கனடாவின் க்ரீ பழங்குடி மக்கள் மார்ட்டனுக்கு (தோலுக்காகப் பிடிக்கும் கீரி போன்ற சிறு விலங்கு) வைத்தது மரக்கட்டை விழுந்து நசுக்கும் பொறி. நம்மிடம் அதற்குச் சொல்லே இருக்கிறது: அடார். நற்றிணை 119இல் புனவன் பன்றிக்கு வைத்த 'பெருங்கல் அடாஅர்' புலியைப் பிடிக்கிறது. அடர்த்தல் என்றால் நெருக்குதல், அமுக்குதல், அதிலிருந்து அடார். ஆகவே 'அடார்நிரை'. அடர்த்தி, அடைதல், அடை (ஆம், தோசைக்கல் அடையும்) பற்றித் தனி மடலில் விரிவாக எழுதுகிறேன்.

வேண்டாம் ஐயா, வெள்ளிக்கிழமை வந்துவிடும்! அடார் அழகுதான், ஆனால் ஓடையில் வீடு கட்டி வாழும் பீவருக்குப் பொருந்தாது. தோல் வணிகம் செய்த ஹட்சன் விரிகுடா கம்பெனி (தொடக்கம் 1670) கொண்டுவந்த இரும்பு உளியால் பனிக்கட்டியைப் பிளந்து, பீவரின் வீட்டை உடைத்துப் பிடித்தார்கள். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் பீவரின் சுரப்பையே மணமூட்டித் தடவிய எஃகுப் பொறி வந்தது. அதோடு பீவரும் அருகிப்போனது. நமக்குச் சிக்கல் கருவியில் இல்லை, நிலத்தில்தான். கரிபு மான் ஊர் சுற்றும், கூட்டமாகப் போய்த்தான் வேட்டையாட வேண்டும். பீவர் ஒரே ஓடையில் கிடக்கும், அதை ஒரு குடும்பமே காவல் காக்கலாம். கிழக்குக் கனடாவின் லாப்ரடாரில் குடும்ப வேட்டை நிலம் தோல் வணிகத்தால் வந்தது என்று மானிடவியலாளர் எலினார் லீகாக் 1954இல் வாதிட்டார். அது தொன்றுதொட்டு வருவது என்பது 1915லேயே இன்னொரு மானிடவியலாளர் ஃபிராங்க் ஸ்பெக் சொன்னது. 1920களில் பிரிட்டிஷ் கொலம்பியா அரசு இந்தத் தடங்களைப் பதிவேட்டில் ஏற்றி உரிமம் கொடுத்தது. 'தடம்' மட்டும் இதையெல்லாம் தாங்குமா?

அப்போ தோலை வைத்தே விலை சொன்ன 'மேட் பீவர்' கணக்குக்கு என்ன சொல்?

அதற்குத் தனி இழை தொடங்குங்கள்.

நன்றி, எல்லோருக்கும். வழிக்குப் 'பொறித்தடம்', நிலத்துக்குப் 'பொறிப்புலம்' என்று போட்டு இன்று காலை அனுப்பிவிட்டேன். நால்வர் ஆதரவு, ஒருவர் மறுப்பு.

பொறிப்புலமா? நான் வேலை பார்த்த பல்கலைக்கழகத்தில் பொறியியல் புலத்தை அப்படித்தான் சுருக்கி எழுதுவோம். என் வாக்கு இன்னும் அடார்நிரைக்கே.