230 வோல்ட் காட்டுகிறது, மோட்டார் மட்டும் உறுமுகிறது

தென்னந்தோப்பு:
பொள்ளாச்சிப் பக்கம் எங்கள் வீடு. வீட்டுக்கும் கொல்லைக் கிணற்றுக்கும் 75 மீட்டர் இருக்கும். சென்ற மாதம் 1 எச்பி சிங்கிள் பேஸ் மோனோபிளாக் (பம்பும் மோட்டாரும் ஒரே உடலாக இருப்பது) மோட்டார் வைத்தோம். ஸ்விட்சைப் போட்டால் உறுமுகிறதே தவிர, சுற்றுவதில்லை. விடியற்காலையில் மட்டும் சில நாள் கிளம்பிவிடுகிறது. மோட்டாரைக் கிளப்பிவிடும் கெப்பாசிட்டரையும் மாற்றியாயிற்று. கடைக்கு எடுத்துப்போனால் அங்கே சமர்த்தாக ஓடி என் மானத்தை வாங்குகிறது.

கிணற்றடியில் மீட்டர் வைத்துப் பார்த்தேன், 230 வோல்ட் காட்டுகிறது. அங்கிருக்கும் பல்பும் பளிச்சென்று எரிகிறது. 1 எச்பி என்றால் 746 வாட். 230-ஆல் வகுத்தால் 3.2 ஆம்பியர். 1.5 ஸ்கொயர் எம்எம் காப்பர் ஒயர் இதைக்கூடத் தாங்காதா? 90 மீட்டர் சுருள் இரண்டு வாங்கினோம். மிச்சத்தை வெட்ட மனமில்லாமல் சுருட்டி ஒரு பலகைக்கு அடியில் வைத்திருக்கிறேன். நேற்று தொட்டால் அந்த இடம் மட்டும் வெதுவெதுவென்று இருந்தது.

பழைய காயில்காரன்:
அம்மா, மீட்டர் வைத்தபோது மோட்டார் ஸ்விட்ச் போட்டிருந்ததா?

தென்னந்தோப்பு:
இல்லை ஐயா, அணைத்துவிட்டுத்தான் வைத்தேன். பயம்.

பழைய காயில்காரன்:
பயம் நல்லதுதான். ஆனால் அந்த 230-ஐ நம்பாதீர்கள். கோயம்புத்தூரில் முப்பது வருடம் மோட்டாருக்குக் காயில் கட்டியவன் நான். கருகி வந்த காயில்களில் பலவற்றைக் கெடுத்தது ஒயர்தான், பழி மட்டும் மோட்டார் மேல் விழும்.

கரண்ட் ஓடாதவரை ஒயர் ஒரு வோல்ட்டைக்கூடத் தின்னாது. ஓடத் தொடங்கியதும் ஆம்பியரையும் ஒயரின் ஓமையும் (கரண்டை ஒயர் தடுக்கும் அளவு) பெருக்கி, வரும் அளவுக்குத் தின்றுவிடும். 1.5 ஒயர் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 12 ஓம். உங்களுடையது போக 90, வர 90, மொத்தம் 180 மீட்டர். ஏறக்குறைய 2.2 ஓம்.

அடுத்தது அந்த 3.2. 746 வாட் என்பது தண்டு வெளியே கொடுக்கும் வேலை. மோட்டார் உள்ளே வாங்குவது அதைவிட அதிகம், பவர் ஃபேக்டர் வேறு குறுக்கே நிற்கும்; அதாவது வோல்ட்டும் கரண்டும் ஒத்து ஏறி இறங்காததால், அதே வாட்டுக்குக் கூடுதல் ஆம்பியர் இழுக்கும். மோட்டார் மேல் இருக்கும் தகட்டைப் பாருங்கள், 7 ஆம்பியர் போல எழுதியிருக்கும். ஓடும்போது 7 பெருக்கல் 2.2, அதாவது 15 வோல்ட் போகும். பரவாயில்லை. ஆனால் கிளம்பும் நொடியில் ஐந்து மடங்கு இழுக்கும், 35 ஆம்பியர். 77 வோல்ட் ஒயரிலேயே போய்விடும்.

இயற்பியல் வாத்தியார்:
காயில்காரர் சொன்ன வழி சரி, கணக்கை மட்டும் கொஞ்சம் திருத்துகிறேன். 35 ஆம்பியர் என்பது மோட்டாருக்கு முழு 230 கிடைத்தால்தான். நின்ற நிலையில் அது சுமார் 6.6 ஓம் போல நடந்துகொள்கிறது. அதோடு ஒயரின் 2.2 சேர்ந்தால் 8.8. எனவே ஓடுவது 26 ஆம்பியர், மோட்டாருக்குச் சேர்வது ஏறக்குறைய 172 வோல்ட். முக்கால் பங்கு இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் சுழற்றும் விசை வோல்ட்டின் வர்க்கத்தைப் பொறுத்தது: முக்காலின் முக்கால், பாதிக்குச் சற்று மேல். விடியற்காலையில் ஊரே தூங்குவதால் லைனில் நாலு வோல்ட் கூட வரும். அந்த நாலில்தான் உங்கள் மோட்டார் பிழைக்கிறது.

வெதுவெதுப்புக்கும் இதுதான் காரணம். 26-ஐ 26-ஆல் பெருக்கி 2.2-ஆல் பெருக்குங்கள், கிட்டத்தட்ட 1,500 வாட். மோட்டார் உறுமி நிற்கும் ஒவ்வொரு நொடியும் ஒயர் நெடுக ஓர் இஸ்திரிப் பெட்டியின் சூடு. விரித்துக் கிடக்கும் ஒயர் காற்றில் ஆறிவிடும், சுருட்டி மூடியது ஆறாது. முதலில் பலகையை எடுங்கள்!

பழைய காயில்காரன்:
வாத்தியார் சொன்னால் சரியாகத்தான் இருக்கும், எனக்குக் கை சொன்ன கணக்குதான். அம்மா, 4 ஸ்கொயர் ஒயர் போடுங்கள், ஓம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகிவிடும். தேவையான நீளத்துக்கு வெட்டச் சொல்லுங்கள், மனம் வலித்தாலும். மோட்டார் உடலுக்கு எர்த் ஒயர் இருக்கிறதா என்றும் எலக்ட்ரீஷியனையே பார்க்கச் சொல்லுங்கள்.

தென்னந்தோப்பு:
ஒரு வாரம் கழித்து எழுதுகிறேன். எலக்ட்ரீஷியன் ஸ்விட்ச் போட்டபடியே கிணற்றடியில் அளந்தார். உறுமும்போது 168 வோல்ட். 4 ஸ்கொயர் மாற்றியதும் 207, ஒரே தட்டில் தண்ணீர் வந்துவிட்டது. எர்த் ஒயர் இருக்கவே இல்லை. அதையும் போட்டாயிற்று. பழைய ஒயரை என்ன செய்வது?

பழைய காயில்காரன்:
மாட்டுக் கொட்டகைக்கு ஒரு 10 வாட் எல்இடி பல்ப் போடுங்கள். அது இழுப்பது 0.05 ஆம்பியர்கூட இல்லை. அதே 2.2 ஓமில் பத்தில் ஒரு வோல்ட்தான் குறையும். உங்களை ஏமாற்றிய பல்ப் எரிந்ததும் இப்படித்தான்.