ஆந்தை நெருப்பு கக்கலாமா?

கடலூரிலிருந்து: மஞ்சக்குப்பம் வீட்டு மாடியில் ஞாயிறுதோறும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற கற்பனைப் பாத்திர விளையாட்டின் ஐந்தாம் பதிப்பு ஆடுகிறோம், நடத்துவது நான். நேற்று தம்பி தன் மந்திர ஆந்தைமேல், நெருப்பு, குளிர் போன்றவற்றை மூச்சாகக் கக்க வைக்கும் 'டிராகன்ஸ் பிரெத்' மந்திரத்தைப் போட்டான். ஆந்தை தாக்கக் கூடாதே என்று தடுத்துவிட்டேன். கையில் உருட்டிக்கொண்டிருந்த பகடையை மெல்லக் கீழே வைத்தான். மனசு கேட்கவில்லை. நான் சொன்னது சரியா?

பதில்: தம்பி செய்தது செல்லும் நண்பரே. மந்திரம் தரும் மூச்சு தாக்குதல் கணக்கில் வராது. மூச்சு பரவுவது 15 அடிக் கூம்பு, சேதம் மூன்று ஆறுமுகப் பகடை.

புதுச்சேரியிலிருந்து: ஆனால் ஆந்தைக்கு உயிர்ப்புள்ளி ஒன்றுதான், ஓர் அம்பு போதும். எதிரே சிவப்பு டிராகன் என்றால் நெருப்பு உறைக்காது, குளிரை எடுக்கச் சொல்லுங்கள்.

கடலூர்: சிவப்புதான்! அடுத்த ஞாயிறு அந்தச் சுற்றை மறுபடி ஆட விடுகிறேன்.